மாசியில் வந்த ஆனி

முன்னொரு காலத்தில் ஓர் அரசருக்கு, மாசி மாதத்தில், ஏரி வாத்துகளை வேட்டையாட ஆசை வந்தது. மைத்துனர் விருந்துக்கு வந்திருந்தார். மைத்துனரின் நாட்டில் ஏரியே கிடையாது. அவரிடம் கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் ஏரிக்கரையில் ஒரு கல் நின்றது. அரசரின் பாட்டனார் நட்டது. கார்த்திகை தொடங்கிப் பங்குனி முடியும் வரை நீர்ப்பறவைமேல் அம்பு விடக் கூடாது, வலை போடக் கூடாது என்று அதில் வெட்டியிருந்தது. அந்த மாதங்களில்தான் பறவைகள் கூடு கட்டும். குஞ்சுகளுக்குப் பறக்கத் தெரியாது. மற்ற மாதங்களில் ஓர் ஆள் ஒரு நாளைக்கு நான்கு பறவை பிடிக்கலாம். மீறினால் வலக்கைக் கட்டைவிரலை வெட்டுவார்கள். அரசனே ஆனாலும் என்று கடைசி வரி சொன்னது.

"கல்லைப் பிடுங்கிவிடலாமா?" என்று அரசர் கேட்டார்.

"முன்னோர் வைத்த கல், மகாராஜா. பிடுங்கினால் ஊர் பேசும்," என்றார் அரண்மனைச் சோதிடர் அனந்தநாதர். "கல் அங்கேயே இருக்கட்டும். மாதத்தை மாற்றிக்கொள்வோம்."

அன்று மாசி ஐந்து. புதிதாக நாள் கணிக்கச் சோம்பல்பட்ட சோதிடர், மாதத்தின் பெயரை மட்டும் மாற்றி ஓலை எழுதினார். 'இப்போது நடப்பது ஆனி மாதம். இன்று ஆனி ஐந்து.' அரசர் முத்திரை வைத்தார். ஊரெங்கும் முரசு அறைந்தார்கள்.

அம்பு விட்டவர்கள் அரசரும் மைத்துனரும் மட்டுமே. கூடப் போன நூறு பணியாட்களுக்கும் தலைக்கு நான்கு என்று சேர்த்துக்கொண்டதால், நானூற்றெட்டுப் பறவைகள் விழுந்தன. கூட்டில் அடைகாத்தவை எழுந்து பறக்கவில்லை. அதனால் வேலை சுலபமாக முடிந்தது. சட்டம் எங்கும் மீறப்படவில்லை.

மாலையில் சபை கூடியது. பொம்மன் என்ற வேடனைக் கையைக் கட்டி இழுத்து வந்தார்கள். வீட்டில் சமைக்க ஒன்றும் இல்லாமல், மூன்று நாள் முன்பு ஒரே ஒரு வாத்தை வலையில் பிடித்தவன்.

"கட்டைவிரல் போனால் இவன் வலை பின்ன முடியாது, மகாராஜா. வீட்டில் ஐந்து பேர் இவனை நம்பி இருக்கிறார்கள். மன்னிக்க வேண்டும்," என்றான் விகடகவி மருதையன். அரசர் அவனோடுதான் சிரித்துப் பேசுவார். அதனாலேயே சோதிடருக்கு அவனைக் கண்டால் ஆகாது.

"விகடகவிக்குச் சட்டம்கூட வேடிக்கைதான். கத்தியை அவர் கையிலேயே கொடுத்துப் பார்க்கலாமே," என்றார் சோதிடர்.

அரசருக்கு அது பிடித்துப்போனது. "மருதையா, நான் மன்னிக்க மாட்டேன். கல்லில் ஓர் எழுத்தையும் மாற்ற மாட்டேன். முடிந்தால் காப்பாற்று. இல்லையென்றால் நீயே வெட்டு."

கத்தி வந்தது. பொம்மன் அழவில்லை.

"வெட்டுறதுன்னா சீக்கிரம் வெட்டுங்க சாமி. மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிக்காதீங்க."

மருதையன் கத்தியை வாங்கிக்கொண்டு சோதிடரிடம் திரும்பினான். "தண்டனை ஓலையில் நாள் எழுத வேண்டும். இன்று என்ன நாள், சுவாமி?"

"ஊருக்கே தெரியும். ஆனி ஐந்து."

"இவன் வலை போட்டது மூன்று நாள் முன்பு. அது என்ன நாள்?"

சோதிடர் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்.

"நானே சொல்கிறேன். ஆனி இரண்டு. ஆனியில் வேட்டைக்குத் தடையில்லை. நான்கு பிடித்திருக்கலாம். பாவம், ஒன்றுதான் கிடைத்திருக்கிறது."

"அன்றைக்கு மாசி!" என்று கத்தினார் சோதிடர்.

"மாசி இரண்டா? சரி. அப்படியானால் இன்றைக்கு மாசி ஐந்து." மருதையன் கத்தியைக் கீழே வைக்கவில்லை. "இன்று காலை ஏரியில் அம்பு விட்டவர்கள் இரண்டு பேர். யாரிடமிருந்து தொடங்கட்டும், மகாராஜா?"

சபையில் எல்லோரும் அரசரின் கட்டைவிரலைப் பார்த்தார்கள். அரசரும் பார்த்தார். மைத்துனர் தன் கையை அங்கவஸ்திரத்துக்குள் இழுத்துக்கொண்டார்.

பிறகு அரசர் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஆனிதான், ஆனிதான்! அந்த ஆளை அவிழ்த்து விடுங்கள். அனந்தநாதரே, உமக்கு ஓய்வு. இனி மாதம் அறிவிக்கும் பொறுப்பு மருதையனுக்கு. அதற்கு ஒரு கிராமமும் எழுதிக் கொடுங்கள்."

"நான் இன்னும் பத்து நாள் இருக்கலாம் என்று பார்க்கிறேன்," என்றார் மைத்துனர்.

"பத்து நாளும் ஆனியாகவே இருக்கட்டும், மருதையா."

மருதையன் வணங்கிப் பட்டயத்தை வாங்கிக்கொண்டான். மாட்டேன் என்று சொன்னால் மறுபடி மாசி வந்துவிடும். பொம்மனின் விரல் போய்விடும்.

மறுநாள் ஏரிக்கரைத் தெருவில் அவனே முரசு அறைந்தான். "இன்று ஆனி ஆறு! வேட்டைக்குத் தடையில்லை!" கோரைப்புல்லுக்குள் குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன. வெயில் ஏற ஏற, அந்தச் சத்தம் குறைந்துகொண்டே வந்தது.

பொம்மன் வாசலில் உட்கார்ந்து வலையைப் பிரித்து நூலாக்கிக்கொண்டிருந்தான்.

"ஏன் பிரிக்கிறாய், பொம்மா? விரல்தான் தப்பிவிட்டதே."

"விரல் இருக்கு சாமி. அடுத்த வருசம் ஏரியில என்ன இருக்கும்?" கோரைப் பக்கம் தலையைத் திருப்பினான். "ஆனி வந்திருச்சுன்னு அதுகளுக்கும் போய்ச் சொன்னீங்களா? இன்னும் பறக்கக் காணோமே."

மருதையன் முரசைத் தோளில் மாட்டிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனான்.