வைகறையாரின் நூற்றெட்டு வணக்கம்

ஒரு காட்டில் ஓர் ஓணான் இருந்தது என்று தொடங்கினால் அந்த ஓணானுக்குக் கோபம் வந்துவிடும், குழந்தைகளே. ஒரு காட்டில் ஒரு தவசி இருந்தார் என்றுதான் தொடங்க வேண்டும். தவசியின் பெயர் வைகறையார். அந்தப் பெயரை அவருக்கு வைத்தவரும் அவரேதான்.

காட்டின் கிழக்கு ஓரத்தில் கதிர்ப்பாறை என்று ஒரு பாறை இருந்தது. அங்கே ஊர்ந்து திரியும் உயிர்களுக்கெல்லாம் ஒரு வழக்கம் உண்டு. காட்டுச்சேவல் மூன்றாம் முறை கூவியதும் பாறையில் ஏறி, கிழக்கே பார்த்து, கதிரவனுக்கு நூற்றெட்டு முறை தலையாட்டி வணக்கம் சொல்ல வேண்டும். என்றோ ஒரு சித்திரை மாதத்தில் யாரோ தொடங்கி வைத்தது. சித்திரையில் சேவல் மூன்றாம் முறை கூவும்போது கதிரவனும் மலைக்கு மேலே வந்துவிடுவான். ஆகவே கணக்கு சரியாக இருந்தது.

தலையாட்டுவதற்கு ஓணானைவிடப் பொருத்தமான ஆள் யார்? எதற்கென்றே தெரியாமல் நாள் முழுக்கத் தலையாட்டும் குலம் அது. வைகறையார் ஒரு நாளும் வணக்கத்தைத் தவறவிட்டதில்லை. தாம் தவறவிட்டதில்லை என்பதைப் பிறருக்குச் சொல்லவும் தவறியதில்லை.

மார்கழி பிறந்தது. பனி காட்டை மூடிக்கொண்டது. சேவல் தன் பாட்டுக்கு மூன்று முறை கூவியது. கதிரவனோ பனியை விலக்கிக்கொண்டு பாறைப் பக்கம் வருவதற்குள் முற்பகல் ஆகிவிட்டது. ஓணானுக்கும் உடும்புக்கும் அரணைக்கும் நம்மைப் போல உடம்பில் சொந்தச் சூடு கிடையாது. வெயில் கொடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

பாறை இடுக்கில் குடியிருந்த உடும்பு இதை யோசித்துப் பார்த்தது. விடிகாலையில் இடுக்கிலேயே சுருண்டு படுத்துக்கொண்டது. பாறையில் வெயில் விழுந்த பிறகு மெல்ல வெளியே வந்தது. கண்ணை மூடி, நிதானமாக, மூன்றே மூன்று முறை தலை தாழ்த்தியது. ஒவ்வொரு முறையும் நன்றாகத் தாழ்த்தியது. பிறகு வெயிலில் நீட்டிப் படுத்துவிட்டது.

வைகறையாருக்கு வயிறு எரிந்தது. "உடும்புப் பிடின்னு ஊரெல்லாம் பேர் வாங்கியிருக்கீங்களே அக்கா, ஒரு நேரத்தைப் பிடிச்சு நிக்க முடியலையா?" என்று கேட்டார்.

"பிடிக்கத் தெரிஞ்சவளுக்குத்தான் தம்பி, விடவும் தெரியும்" என்றது உடும்பு. "அவரே இன்னும் வரலை. நீ யாருக்குக் கும்பிடு போடறே?"

"வர்றது அவர் இஷ்டம். வணங்குறது என் கடமை."

"சுவர் இருந்தாத்தான் சித்திரம், தம்பி. விறைச்சுப் போயிடாதே."

சோம்பேறிகளின் வாயில் எப்போதும் ஒரு பழமொழி இருக்கும் என்று சொல்லிவிட்டு வைகறையார் போய்விட்டார்.

அவருக்கு இரண்டு சீடர்கள் இருந்தார்கள். ஒருவர் பல்லி. காடு முழுக்க எல்லாருக்கும் பலன் சொல்லிக்கொண்டிருப்பவர். இன்னொருவர் அரணை. மறதிக்குப் பேர்போனவர். எண்ணிக்கை பாதி போய்க்கொண்டிருக்கும்போதே, "சாமி, எத்தனை?" என்று கேட்பார். வைகறையார் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வார்.

பனியில் மூவரும் பாறைமேல் ஏறினார்கள். ஏழாவது வணக்கத்தோடு வைகறையாரின் கழுத்து நின்றுவிட்டது. ஆனால் நூற்றெட்டில் ஒன்று குறைந்தால் தவசியின் பெயர் என்ன ஆவது? கண்ணை ஒரு முறை சிமிட்டினால் ஒரு வணக்கம் என்று கணக்கை மாற்றினார். ஒரு வாரத்தில் இமையும் விறைத்தது. மனத்தால் நினைத்தாலே ஒன்று என்றார். நினைப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? நூற்றெட்டும் ஒரு நொடியில் முடிந்தது. வணக்கத்தில் எதை வேண்டுமானாலும் குறைத்தார், இடத்தையும் நேரத்தையும் மட்டும் குறைக்கவில்லை. அவை இரண்டும்தான் மற்றவர் கண்ணில் படுகிறவை.

அப்படிப் பட்ட கண்களில் ஒரு ஜோடி சிவப்பாக இருந்தது. அது செம்போத்தின் கண்.

செம்போத்து எதிரே வந்தால் நல்ல சகுனம் என்று சொல்வார்கள். சொல்கிறவர்கள் மனிதர்கள். ஓணான்கள் அப்படிச் சொல்லக் கூடாது. பனிக்காலத்தில் இரையெல்லாம் பொந்துக்குள் போய்விட்டதால் செம்போத்து நான்கு நாளாகப் பட்டினி. இங்கே என்னடா என்றால், மூன்று பேர் அசையாமல் பாறைமேல் உட்கார்ந்திருக்கிறார்கள். இலை போட்டுப் பரிமாறி வைத்தது போல இருந்தது. ஆனால் செம்போத்து பேராசைக்காரப் பறவை. இன்றைக்கே மூவரையும் விழுங்கிவிட்டால் நாளைக்கு என்ன செய்வது? சாமியார் இருந்தால் சீடர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். விதைநெல்லை யாராவது குத்திச் சோறாக்குவார்களா?

அது பணிவாக நடந்து வந்து, "சாமி, இந்தப் பனியில இப்படி ஒரு வைராக்கியத்தை நான் எங்கேயும் கண்டதில்லை. எது வந்தாலும் பாதியில விட்டுடாதீங்க" என்றது. வைகறையாருக்குக் குளிரே தெரியவில்லை. நல்ல சகுனமே நேரில் வந்து வாழ்த்துகிறது என்று பூரித்துப்போனார்.

மறுநாள் வெயில் பட்டு இமை இளகி அவர் கண் திறந்தபோது பல்லியைக் காணோம். ஊருக்கெல்லாம் பலன் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி என்பார்கள். இங்கே பானைகூட இல்லை.

"நான் என் கண்ணாலே பார்த்தேன் சாமி. அப்படியே மேலே போயிட்டார்" என்றது செம்போத்து. பொய்யே சொல்லவில்லை. மேலேதான் போனார், அலகில்.

தம் சீடர் இத்தனை சீக்கிரம் முக்தி அடைந்துவிட்டாரே என்று வைகறையார் மகிழ்ந்தார். தமக்கு முன்பே அடைந்துவிட்டாரே என்று கொஞ்சம் பொறாமையும் பட்டார். செய்தியைக் கேட்ட உடும்பு இடுக்கிலிருந்து தலையை நீட்டி, மார்கழி முடியும்வரை வெயில் வந்த பிறகு வருமாறு கெஞ்சியே சொன்னது. பிறர் பெருமை பொறுக்காத உடும்பு என்று வைகறையார் அதை ஒதுக்கிவிட்டார்.

நான்கு நாள் கழித்து அரணையும் மேலே போனார். அன்று மட்டும் வைகறையாருக்கு ஏதோ போலிருந்தது. "சாமி, எத்தனை?" என்று கேட்க ஆளில்லை. எரிச்சலூட்டிய அந்தக் கேள்வி இல்லாமல் பாறை வெறிச்சென்று கிடந்தது. அவர் அதைத் துறவிக்கு ஆகாத எண்ணம் என்று தள்ளிவிட்டார்.

பத்து நாள் ஆயிற்று. புதிய சீடர்கள் யாரும் வரவில்லை. மேலே போகும் வேகத்தைப் பார்த்து மற்றவர்கள் கீழேயே இருந்துவிட்டார்கள். செம்போத்தின் வயிறு காய்ந்தது. விதைநெல்லுக்கு நேரம் வந்துவிட்டது.

அன்றும் சேவல் மூன்று முறை கூவியது. பனியில் பக்கத்து மரமே தெரியவில்லை. வைகறையார் பாறைமேல் விறைத்து உட்கார்ந்திருந்தார். செம்போத்து அவசரமே இல்லாமல் நடந்து வந்து பாறையில் அலகைத் தீட்டியது. அலகு மூக்குக்கு நேரே வந்தபோது வைகறையார் பார்த்தார். அதன் ஓரத்தில் செம்பழுப்பாக ஒரு செதில் காய்ந்து ஒட்டியிருந்தது. அரணையின் செதில்.

அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பயம் வந்தது, ஆனால் அதற்கு முன்பே வெட்கம் வந்துவிட்டது. தம்மை நம்பிப் பனியில் வந்து உட்கார்ந்த இரண்டு பேரை, தம் பெயருக்காகத் தாமே இலையில் வைத்துக் கொடுத்துவிட்டோம் என்று நெஞ்சு வெடித்தது. ஓடலாம் என்றால் கால் வரவில்லை. இனிக் கதிரவன் வந்தால்தான் உயிர். அவன் வர இன்னும் வெகு நேரம் இருந்தது.

"கொஞ்சம் பொறு" என்றார், நாக்கு மட்டும் அசைந்ததால். "இன்னிக்கு என் மண்டல விரதம் முடியற நாள். நாற்பத்தெட்டு நாள் புண்ணியம். நூற்றெட்டும் முடிஞ்சு என்னைத் தின்னா அவ்வளவும் உனக்கு. இப்பவே தின்னா வெறும் கிழட்டு ஓணான்தான்."

செம்போத்து யோசித்தது. இறைச்சியும் வேண்டும், புண்ணியமும் வேண்டும். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. மற்றவரை ஏமாற்ற அது சொன்ன சாமி, வைராக்கியம் எல்லாம் எப்போதோ அதன் மண்டையிலும் ஏறியிருந்தது.

"சரி. ஆனா கண்ணைச் சிமிட்டி, மனசுல நினைச்சு ஏமாத்துற வேலையெல்லாம் வேணாம்" என்றது. "ஒவ்வொரு தடவையும் தலை பாறையைத் தொட்டு எழுந்திருக்கணும். புண்ணியத்துல கலப்படம் இருக்கக் கூடாது."

எப்படிப்பட்ட ஆசிரியர் வாய்த்தார் பாருங்கள்.

வைகறையார் தலையைத் தாழ்த்தினார். அது பாறையைத் தொட ஒரு யுகம் ஆயிற்று. எழ இன்னொரு யுகம். ஒன்று. இரண்டு. அவசரப்படவும் முடியாது, அவசரப்படவும் கூடாது. மார்கழி பிறந்ததிலிருந்து அவர் செய்த முதல் வணக்கம் அதுதான் என்று சொல்லலாம். இருபதைத் தாண்டியபோது எண்ணிக்கை தடுமாறியது. "சாமி, எத்தனை?" என்று அரணை பக்கத்தில் கேட்பது போலிருந்தது. இருபத்து மூன்றப்பா என்று மனத்துக்குள் அன்பாகச் சொன்னார். உயிரோடு இருந்தபோது ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

செம்போத்துக்குக் கால் மாற்றி மாற்றி நின்று அலுத்தது. நாற்பதில் கொட்டாவி விட்டது. ஐம்பதில் பனி வெளுத்தது. ஐம்பத்தெட்டில் மரங்கள் தெரிந்தன. அறுபத்தோராவது வணக்கத்தில் தலை கீழே இருந்தபோது, வைகறையாரின் முதுகில் இளஞ்சூடாக ஏதோ பட்டது. அவருக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை காலம் வணங்கிய கதிரவனை அன்றுதான் அவர் உண்மையிலேயே எதிர்பார்த்திருந்தார்.

அப்போதும் அவர் அவசரப்படவில்லை. இன்னும் பன்னிரண்டு வணக்கம் போட்டார். கழுத்தில் சூடு ஏறியது, முன்காலில் ஏறியது, வாலில் ஏறியது. எழுபத்து நான்காவது வணக்கத்துக்குக் குனிந்தவர் எழவில்லை. ஒரே பாய்ச்சலில் உடும்பின் இடுக்குக்குள் விழுந்தார். பின்னாலேயே அலகை நுழைத்த செம்போத்துக்கு உடும்பின் வாலடி ஒன்று கிடைத்தது. அதற்கு அன்று கிடைத்த புண்ணியம் அவ்வளவுதான்.

உடும்பு குத்திக்காட்டவில்லை. நடுங்கிக்கொண்டிருந்தவரைப் பார்த்து, "பனிக்காலத்துக்குப் பனிக்காலத்துக் கும்பிடு போதும் தம்பி. வெயில் வந்தப்புறம் வா, மூணு போடு, முழுசாப் போடு" என்றது. வைகறையார் தலையாட்டினார். எப்போதும்தான் ஆட்டுவாரே.

மறுநாள் முதல் வெயில் வந்த பிறகு வந்தார். அரணைக்கு ஒன்று, பல்லிக்கு ஒன்று, கதிரவனுக்கு ஒன்று என்று மூன்று முறை வணங்கினார். நன்றாகவே இருந்தார். ஒரு வாரம் நன்றாக இருந்தார்.

அடுத்த வாரம் பாறைமேல் நின்று, முற்பகல் வெயிலைவிட உச்சி வெயில் உத்தமம் என்று அறிவித்தார். அதுதான் ஆதியிலிருந்து வந்த முறை என்றார். விடியலில் வணங்குகிறவர்கள் அறிவிலிகள் என்றார். தவசி செம்போத்தையே வென்றவர் என்ற செய்தி பரவியதால் ஆறு சீடர்கள் சேர்ந்தார்கள். நடுப்பகலுக்குக் கொஞ்சம் முன்பின்னாக வந்தவர்களை அவர் திருப்பி அனுப்பினார்.

தை போயிற்று, மாசி போயிற்று, பங்குனியும் போயிற்று. சித்திரை வந்தது. உடும்பு பழையபடி விடியலுக்கே மாறி, குளிர்ச்சியாக நூற்றெட்டையும் முடித்துவிட்டு மர நிழலில் படுத்துக்கொண்டது. வைகறையார் உச்சிப்பொழுதில் பாறைமேல் ஏறினார். பாறை தோசைக்கல்லாகக் காய்ந்திருந்தது. அவர் ஒரு காலைத் தூக்கினார், மறு காலைத் தூக்கினார். இது புதிதாகச் சேர்த்த முறை போலும் என்று ஆறு சீடர்களும் காலைத் தூக்கினார்கள்.

"தம்பி, இறங்கி நிழலுக்கு வா. காலம் மாறிடுச்சு" என்று உடும்பு கூப்பிட்டது.

"அக்கா, உங்களை மாதிரி கொள்கை இல்லாம என்னால வாழ முடியாது" என்றார் வைகறையார். கண் இருண்டுகொண்டு வந்தது.

பக்கத்துப் புதரின் நிழலில் இரண்டு சிவந்த கண்கள் தெரிந்தன.

"பாதியில விட்டுடாதீங்க, சாமி" என்றது செம்போத்து.

நீதி: காலம் அறிந்து நோன்பை மாற்று, மாற்றியதையும் காலம் மாறும்போது விடக் கற்றுக்கொள்.