நெய் டின்னுக்குப் பின்னால ஒரு முதலாளி

ஒரு ஊர்ல ஒரு முதலாளி, சொந்தக் கடையிலயே நெய் டின்னுக்குப் பின்னால ஒளிஞ்சு உக்காந்திருந்தார். மூச்சு விட்டா கேட்டுரும்னு மூக்கையும் பொத்திக்கிட்டார். ம் சொல்லு. சொன்னாத்தான் கதை மேல போகும்.

அவர் பேரு நயினார். அப்பா காலத்து அல்வாக்கடை. மொத்தக் குடும்பமும் அந்த ஒரு சட்டியை நம்பித்தான் சாப்பிடுது. ஆனா அல்வா கிண்ட வீட்டுல ஒருத்தருக்கும் தெரியாது, சரக்கு மாஸ்டர் பூலுடையாருக்குத்தான் தெரியும். அப்போ எதிர்ல ஒரு புது அல்வாக்கடை வந்துச்சா, நயினார் கணக்குப் போட ஆரம்பிச்சுட்டார். 'பூலுடையார எதிர்க்கடைக்காரன் இழுத்துட்டா நாம கடைய இழுத்துப் பூட்ட வேண்டியதுதான்.' அவன் இன்னும் இழுக்கவே இல்ல. அதுக்குள்ள சந்தேகம்!

அதான், மாஸ்டர் நெய் திருடுறாரான்னு பாக்க, டின்னைத் திறந்து போட்டுட்டு ஒளிஞ்சிருக்கார். பூலுடையார் வந்தார், டொக்குனு மூடியப் போட்டார், போயிட்டார். ஒரு சொட்டு தொடல. "நெய்யத் தொடாதவன் கடையையே தூக்கத்தான் பாக்கான்"னு நயினார் முடிவு பண்ணிட்டார். என்ன மண்டையோ!

அப்புறம், "முகம் வாடிக் கெடக்கு, நாளைக்கு வீட்டுல இரும்வே"ன்னார். எதிர்க்கடைக்குப் போறாரான்னு பாக்கத்தான்.

"எனக்கு என்ன மொதலாளி, கல்லாட்டம் இருக்கேன்"னு சொல்லிட்டு, மறுநாளும் வந்து அடுப்பப் பத்த வச்சுட்டார்.

'வராதேன்னாலும் வாரான்னா, உள்ள என்னமோ இருக்கு.'

ம் எங்க? ஆங்.

அப்புறம் தேரோட்டம் வந்துச்சு. வாசல்ல ஜேஜேன்னு கூட்டம். உள்ள சட்டி கொதிக்குது, பொளக்... பொளக்... நயினார் மாஸ்டர ஆழம் பாக்க, தன் மச்சினன் பட்டமுத்துவ உள்ள அனுப்பினார்.

"மாஸ்டர், எதிர்க்கடையில உமக்குப் பங்கே தாராங்களாம். போறீரா?"

பூலுடையார் வாயத் திறக்கல. சர்ரக்... சர்ரக்... கிண்டுறார். சட்டி எறங்குற வரைக்கும் கிண்டுற ஆளு பேசக் கூடாது, கவனம் சிதறினா அடிப்பிடிச்சுரும். அது அந்தக் கடை வழக்கம். போட்டதே நயினாரோட அப்பாதான்!

பட்டமுத்து ஓடி வந்தான். "அத்தான்! மாட்டேன்னு சொல்லலயே!"

"மௌனம் சம்மதம்லா! எனக்கு அப்பவே தெரியும்!" நயினார் தடதடன்னு உள்ள வந்தார். அப்பா போட்ட வழக்கம் அவருக்கு ஞாபகமே வரல. "துடுப்பக் கீழ வையும்வே! வெளிய போம்!"

பூலுடையார் நிமிர்ந்து பார்த்தார். கண்ணு செவந்துடுச்சு. புகையாலயா, வேற எதாலயான்னு யாருக்குத் தெரியும்? அல்வா அப்பத்தான் நெய்யக் கக்க ஆரம்பிக்குது. கை ஒரு நிமிஷம் நின்னா மொத்தமும் கரி. வெளிய நிக்கிற கூட்டம் அப்படியே எதிர்க்கடைக்குப் போயிரும்.

"செவி கேக்கலயா? போம்ங்கறேன்லா!"

சர்ரக்... சர்ரக்...

அவ்வளவுதான், கண்ண மூடு. துடுப்பக் கீழ வைன்னார் முதலாளி, பூலுடையார் வைக்கல. வெளிய போன்னார், போகல. சட்டியக் கரியாக விடாம கிண்டிக்கிட்டே இருந்தார்.