இரண்டாவது வானம் கேட்டுப் போனவர்கள்

சொன்னதைச் செய்பவன் நல்ல வேலைக்காரன். சொன்னதை மட்டுமே செய்பவன் எப்படி இருப்பான் என்று பார்க்க வேண்டுமானால் ஓணான்கரட்டு மலைக்குத்தான் போக வேண்டும். அங்கே வானத்தின் வெப்பத்தை அளக்கும் நிலையம் ஒன்று உண்டு. அண்டம் பிறந்தபோது இருந்த பெருஞ்சூடு ஆறி ஆறி, இன்று மெல்லிய நுண்ணலைகளாக வானமெங்கும் பரவிக் கிடக்கிறதே, அதை அளப்பதற்கு.

அங்கே மேற்பார்வையாளர் வைரவன். பதினோரு வருடமாகத் தற்காலிகம். அவருக்குக் கீழே ஒச்சப்பன், சங்கிலி என்று இரண்டு பேர். இயக்குநர் கோமளவல்லி டெல்லிக்குக் கிளம்பும்போது, "வெள்ளிக்கிழமைக்குள்ள வான வரைபடம் சரியா வந்துடணும். வந்தா உங்களை நிரந்தரமாக்கறேன். வராட்டி வேற ஆளைப் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று முதல் வைரவனுக்குச் சோறு இறங்கவில்லை.

முதல் அளவில் வானத்தின் ஒரு பாதி கொஞ்சம் சூடாகவும் மறுபாதி கொஞ்சம் குளிர்ந்தும் வந்தது. வைரவன் இயக்குநரைப் போனில் கேட்டார்.

"நாம நகர்ந்துட்டே இருக்கோம் இல்லையா? போற திசை சூடாத் தெரியும். அந்த நகர்வை எடுத்துடுங்க" என்றார் இயக்குநர்.

வைரவன் போனை வைத்தார். "டேய், யாரும் நகரக் கூடாதாம்."

மூவரும் கருவி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். மறுபடி அளந்தார்கள். அதே சூடு.

"யாரோ நகர்றாங்க" என்றார் வைரவன்.

"சங்கிலிதாண்ணே. முதுகைச் சொறிஞ்சான்" என்றான் ஒச்சப்பன்.

"நான் சொறிஞ்சது மேற்குப் பார்த்து. சூடு தெக்கால இல்ல வருது? அந்தப் பக்கமாக் கொட்டாவி விட்டது நீ!"

நியாயமான வாதம். கயிறு எடுத்து எல்லோரையும் தூணில் கட்டிவிடுவது என்று முடிவாயிற்று. ஆனால் யார் யாரைக் கட்டினாலும் கடைசியில் ஒருவர் மிஞ்சினார். எங்கோ கணக்குத் தப்புகிறது என்று மதியம்வரை ஆளை மாற்றி மாற்றிக் கட்டிப் பார்த்தார்கள்.

விஷயம் கேட்ட இயக்குநர், "கடவுளே, அது கணக்குல கழிக்கறதுய்யா! பூமி நகர்றதைச் சொன்னேன். அளவை அனுப்புங்க, நானே கழிச்சுக்கறேன்" என்றார்.

கழித்தபின் புள்ளிகள் தெரிந்தன. லட்சத்தில் ஒரு பங்கு சூடு, லட்சத்தில் ஒரு பங்கு குளிர். இயக்குநர் போனில் பெருமூச்சு விட்டார். "இந்தப் பெரிய புள்ளியெல்லாம் தற்செயலா, இயல்பே இப்படித்தானான்னு தெரியலை. இருக்கறது ஒரே வானம். இன்னொண்ணு கிடைச்சா ஒத்துப் பார்த்துடலாம்."

வைரவன் அன்றே கருவியை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு பக்கத்து ஊரான கீரனேந்தலுக்குப் போனார்.

"ரெண்டு நாளைக்கு உங்க வானம் வேணும்" என்றார் ஊராட்சித் தலைவரிடம்.

தலைவர் யோசித்தார். "தர்றதுக்கென்ன. அழுக்காக்காமத் திருப்பித் தரணும்."

"தொடவே மாட்டோம்ங்க. அண்ணாந்து பார்க்கறதோட சரி."

அளந்து முடித்து இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். புள்ளிக்குப் புள்ளி ஒன்றாக இருந்தது.

"அண்ணே" என்று ஒச்சப்பன் காதைக் கடித்தான். "நம்மளைப் பார்த்துக் காப்பியடிச்சிருக்கானுங்க."

வைரவன் இரண்டு படங்களையும் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். தன்னுடையதுதான் அசல் என்று கீரனேந்தல்காரன் முந்திக்கொண்டால் நிரந்தர வேலை போச்சு. நேரே காவல் நிலையத்துக்குப் போய்ப் புகார் கொடுத்து, ரசீதும் வாங்கிவிட்டார்.

வெள்ளிக்கிழமை புகார் நகலைப் பார்த்த இயக்குநர் தலையில் கைவைத்துக்கொண்டார். தலைமையகம் அப்படி வைத்துக்கொள்ளவில்லை. புகாருக்கு எண் இருந்தது. எண் இருந்தால் பதில் இருக்க வேண்டும். மூன்று நிபுணர்கள் கொண்ட குழு உட்கார்ந்து, வானத்தைக் காப்பியடிக்க விடாமல் பார்த்துக்கொள்ள நிரந்தரப் பணியிடம் ஒன்று அவசியம் என்று பரிந்துரைத்தது. வைரவன் நிரந்தரமானார்.

இப்போது தினமும் காக்கிச் சட்டையும் விசிலுமாக ஊர் எல்லையில் நிற்கிறார். கீரனேந்தல்காரர் யாராவது தப்பித்தவறி அண்ணாந்துவிட்டால் விசில் பறக்கும்.

"யோவ்! அடுத்தவனுதைப் பார்க்காம, சொந்தமா யோசிச்சு ஒரு வானம் வச்சுக்கங்கய்யா!"