இருமலே இல்லாத கல்லுடைப்பவர்கள்

முன்னொரு காலத்தில் குன்றநாட்டை அதிரவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். அவர் பேசினால் தூண் அதிரும். கோபித்தால் தூணுக்குப் பின்னால் ஒளிந்தவனும் அதிர்வான். அவருக்குத் திடீரென்று கருங்கல் அரண்மனைமேல் ஆசை வந்தது. ஊரில் பாதிப்பேர் கல்மேட்டுக்குக் கல்லுடைக்கப் போனார்கள்.

ஒருநாள் சடையாயி என்பவள் சபைக்கு வந்தாள். “மகராசா, கல்லுத்தூசு நெஞ்சுல அடைச்சு எம்புருசன் படுத்துக் கெடக்கான். எங்க தெருவே இருமுது சாமி!”

கட்டுமானத்துக்கு அதிகாரியான ஆஸ்தானக் கவி பேரம்பலம் துள்ளி எழுந்தார். “பிரபோ! நேற்றுதான் கல்மேட்டில் ஒவ்வொருவனையும் விசாரித்தேன். அத்தனை பேரும் குண்டுக்கல்லாட்டம் இருக்கிறார்கள். ஒரு தும்மல்கூட இல்லை. இவள் நாடகமாடுகிறாள்!”

“அப்படியா? இவள் குடும்பத்தை நாடு கடத்துங்கள்!” என்று ராஜா முழங்கினார்.

சடையாயி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மந்திரி கூத்தனார் யோசித்தார். பேரம்பலம் போனதும் நிஜம், கேட்டதும் நிஜம். பின்னே எங்கே இடிக்கிறது? சட்டென்று பொறி தட்டியது.

“அரசே, நாடே நலம் என்றால் கொண்டாட வேண்டாமா? கவிராயர் தம் புதுக் காவியத்தைப் பாடட்டும். பிடிக்காதவர்கள் தாராளமாக எழுந்து போகலாம், தண்டனை கிடையாது.”

பேரம்பலம் பூரித்துப்போய்க் கனைத்தார். “ஆஆஆ… அம்ம்ம்புலியேஏஏ…”

பின்வரிசை நழுவியது. சேனாதிபதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினார். சபையோரில் கடைசியில் மிஞ்சியது பேரம்பலத்தின் மாப்பிள்ளையும், உட்கார்ந்தபடியே உறங்கிய புரோகிதரும்தான். ராஜா சிம்மாசனத்தில் நெளிந்தார்.

“காவியம் எப்படி?” என்று மந்திரி கேட்டார்.

“அமிர்தம்!” என்றார் மாப்பிள்ளை. “ஆஹா!” என்று புரோகிதர் திடுக்கிட்டு விழித்தார்.

“பார்த்தீர்களா அரசே? சபையே ரசித்திருக்கிறது!”

“யோவ் மந்திரி, பிடிக்காதவனெல்லாம் ஓடிவிட்டானே! மிச்சமிருப்பவனைக் கேட்டால் என்னய்யா தெரியும்?”

“கல்மேட்டிலும் அதேதான் அரசே. இருமுகிறவன் வீட்டில் கிடக்கிறான். தெம்பிருப்பவன்தான் வேலையில் நிற்கிறான். கவிராயர் அவனைத்தான் விசாரித்தார்.”

ராஜா சிரித்த சிரிப்பில் தூண்கள் அதிர்ந்தன. தம் முத்துமாலையை மந்திரி கழுத்தில் போட்டுவிட்டு, “பூட்டு தேரை!” என்றார்.

கல்லுடைப்பார் தெருவில் வாசலுக்கு வாசல் லொக்கு லொக்கு என்று கேட்டது. ராஜாவின் முகம் சுண்டிப்போனது. “நாடு கடத்தும் ஆணை ரத்து! இனி தண்ணீர் தெளித்துத்தான் கல்லுடைக்க வேண்டும். படுத்தவர்களுக்கு வைத்தியமும் நெல்லும் அரண்மனைப் பொறுப்பு. பேரம்பலம்! சாயம் போடுகிறவர், பஞ்சு அடிக்கிறவர், சூளை எரிக்கிறவர் என்று எல்லாத் தொழிலாளர் வீட்டுக்கும் மாதாமாதம் போய், யார் வேலையை விட்டார்கள், ஏன் விட்டார்கள் என்று நீரே கேட்டு வாரும்!”

நாடு கடத்தும் சேதி எட்டி, சடையாயியின் புருஷன் இருமியபடியே மூட்டை கட்டிக்கொண்டிருந்தான்.

“அதை அவுத்துப் போடுய்யா, எங்கயும் போகலை!” என்றாள் தேருக்குப் பின்னாலேயே வந்திருந்த சடையாயி.