மானியத்துக்காக ஒளித்த மொபெட்

நத்தைக்குளத்தில் மூன்று பேர் கூட்டாக இட்லி மாவு அரைத்து விற்று வந்தார்கள். கோமதிநாயகம், இசக்கிமுத்து, புலமாடன். மூவரில் கோமதிநாயகம்தான் புத்திசாலி. அப்படி அவரே சொல்லியிருக்கிறார். மற்ற இருவரும் மறுத்ததில்லை.

சுற்றுப்பட்ட ஊர்களுக்கு மாவு கொண்டுபோக ஒரு பழைய மொபெட் வைத்திருந்தார்கள். அது விட்ட புகையில் மாவு கறுத்துப்போய், "இது என்ன, கேப்பை மாவா?" என்று வாங்குகிறவர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். இப்படியே போனால் தொழில் படுத்துவிடுமே என்று கோமதிநாயகம் புலம்பிக்கொண்டிருந்தார். மின்சார வண்டி வாங்கினால் அரசு மானியம் தருகிறது என்று அந்த நேரத்தில்தான் காதில் விழுந்தது. மூவரும் குளித்து, விபூதி பூசி, டவுன் ஆபீசுக்குப் போனார்கள்.

பூங்கோதை என்ற அதிகாரி பொறுமையாக விளக்கினார். "மின்சார வண்டிக்கு வரி கிடையாது. மானியமும் உண்டு."

"வரி இல்லேன்னா வண்டி மொட்டையால்லா இருக்கும்?" என்று கவலைப்பட்டார் புலமாடன். "ஓரத்துல செவப்பா ஒரே ஒரு வரியாவது போட்டுத் தரப்படாதா மேடம்?"

அதிகாரி தண்ணீர் குடித்தார். "அதை அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல உங்க பழைய வண்டியை ஒழிச்சிடுங்க. ஒழிச்சதுக்கு அத்தாட்சி காட்டினாத்தான் மானியம். வெள்ளிக்கிழமை கடைசி நாள்."

நத்தைக்குளத்துக்காரர்கள் காதுக்கு ழகரமும் ளகரமும் ஒன்றுதான். "இவ்வளவுதானா? நல்லா ஒளிச்சிருதோம்" என்று கும்பிட்டுவிட்டு வந்தார்கள்.

எங்கே ஒளிப்பது என்று ஆலோசனை நடந்தது.

"வைக்கோல் படப்புக்குள்ள சொருகிருவோம்" என்றார் இசக்கிமுத்து.

"வைக்கோலை மாடு தின்னுட்டா வண்டி வெளிய தெரியுமே" என்றார் புலமாடன்.

"மாடு வண்டியையும் சேத்துத் தின்னுட்டா?"

"அப்ப மாட்டைல்லா ஒளிக்கணும்!"

கோமதிநாயகம் தொண்டையைச் செருமினார். "ஏலே, இதைவிடப் பெரிய சிக்கல் ஒண்ணு இருக்கு. நாமளே ஒளிச்சா இடம் நமக்குத் தெரிஞ்சிருமே. மூணு பேருக்குத் தெரிஞ்ச இடத்துல இருந்தா அது ஒளிஞ்ச வண்டியா?"

மற்ற இருவரும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள். எப்பேர்ப்பட்ட மூளை!

ஆகவே மூவரும் துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு மொபெட்டைத் தள்ளினார்கள். கை ஓய்ந்த இடத்தில் விட்டுவிட்டு, கண்கட்டு அவிழ்க்காமலே திரும்பினார்கள். புலமாடன் வாய்க்காலில் இரண்டு தடவை விழுந்தார். இசக்கிமுத்து வேறொரு ஊருக்குப் போய், அங்கிருந்து பஸ் பிடித்து வந்து சேர்ந்தார்.

வியாழக்கிழமை ஆபீசில் போய் நின்றார்கள்.

"ஒழிச்சாச்சா?"

"ஒளிச்சாச்சு மேடம்."

"அத்தாட்சி எங்கே?"

"நீங்களே வந்து தேடிப் பாருங்க" என்றார் கோமதிநாயகம். "கிடைக்கலேன்னா அதுதானே அத்தாட்சி?"

விஷயம் புரிய அதிகாரிக்கு அரை மணி நேரம் பிடித்தது. பழைய இரும்புக் கடையில் கொடுத்து, வண்டியை உடைத்து, சீட்டு வாங்கி வரவேண்டும் என்று அவர் சொன்னதும் கோமதிநாயகத்தின் முகம் தொங்கிவிட்டது. "எங்க இருக்குன்னு எங்களுக்கே தெரியாதே மேடம்" என்றார் அழாக்குறையாக.

பூங்கோதைக்கு இளகிய மனசு. மறுநாள் காலையில் தன் ஸ்கூட்டரிலேயே நத்தைக்குளத்துக்கு வந்துவிட்டார். இரும்புக் கடைக்காரரையும் சம்மட்டியோடு வரச் சொல்லியிருந்தார். ஸ்கூட்டரைக் குளத்தங்கரையில் நிறுத்திவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முள்ளுக்காட்டுக்குள் தேடப் போனார்.

மூவரும் இன்னொரு பக்கம் தேடித் தேடி அலுத்தார்கள். திடீரென்று கோமதிநாயகத்துக்குப் பொறி தட்டியது.

"கண்ணைத் தொறந்துகிட்டுத் தேடினா எப்படிலே கிடைக்கும்? ஒளிக்கும்போது மூடிக்கிட்டுல்லா இருந்தோம்!"

மறுபடியும் துண்டு கட்டி, கையைக் கோத்துக்கொண்டு நடந்தார்கள். கொஞ்ச தூரம் போனதுமே கோமதிநாயகத்தின் முட்டியில் ஏதோ இடித்தது. தடவிப் பார்த்தார். இருக்கை இருந்தது, கைப்பிடி இருந்தது, சக்கரமும் சரியாக இரண்டு.

"கிடைச்சிட்டு!"

இசக்கிமுத்து துண்டில் கை வைத்தார். "ஏலே, அவுத்துராத! மறுபடியும் தொலைஞ்சிரும்" என்று கோமதிநாயகம் அதட்டினார். கண்ணைக் கட்டியபடியே மூவரும் அதைக் கடைக்காரரின் குரல் வந்த பக்கம் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"இதுதானா அண்ணாச்சி? பாத்தா புதுசு மாதிரி இருக்கே" என்றார் கடைக்காரர்.

"இதேதான். போடும் வே!"

சம்மட்டி இறங்கியது. கால் மணி நேரத்தில் எல்லாம் தட்டையாகி, சீட்டும் கைக்கு வந்தது. அதன் பிறகுதான் துண்டை அவிழ்த்தார்கள். கோமதிநாயகம் சீட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அப்போது முள்ளுக்காட்டுக்குள்ளிருந்து பூங்கோதை வந்தார். தலையெல்லாம் சருகு, கையெல்லாம் கீறல், முகமெல்லாம் சிரிப்பு. பழைய மொபெட் ஒன்றை மூச்சு வாங்கத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"கண்டுபிடிச்சிட்டேன்!"

மூவரும் மொபெட்டைப் பார்த்தார்கள். பிறகு அதிகாரியைப் பார்த்தார்கள். கோமதிநாயகம் மரியாதையோடு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"மானியத்துக்கு நீங்களும் எழுதிப் போட்டிருக்கீங்களா மேடம்? சொல்லவே இல்லியே! இதை எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?"