பதினைந்தாவது மீன்

"பதினாலு மீன் செத்துப்போச்சும்மா. தண்ணியில ஒரு குத்தமும் இல்லை."

பர்வீன் கையிலிருந்த வலையைக் கீழே வைக்கவில்லை.

"குத்தமில்லைன்னு யார் சொன்னது?"

"நான்தான். நானே சோதிச்சேன்."

தணிகாசலம் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார். காலையில் மீன்தொட்டியில் நிரப்பிய அதே குழாய்த் தண்ணீர். அதில் கொஞ்சத்தைக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றி, சட்டைப் பையிலிருந்த சின்ன சீசாவைத் திறந்து இரண்டு சொட்டு விட்டார். தண்ணீர் பளிச்சென்று மஞ்சளானது.

"பாத்தீங்களா? குளோரின் இருக்கு. ஒரு கிருமி உசுரோட இருக்காது."

"மீனும்தான்" என்றாள் பர்வீன்.

தணிகாசலம் முப்பத்தொரு வருஷம் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருக்கோடிக் குழாயில் தண்ணீர் பிடித்து, அது மஞ்சளானால்தான் அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்கும். ஊரெல்லாம் வாந்திபேதி வந்த வருஷம்கூட அவருடைய வட்டத்தில் ஓர் உயிர் போகவில்லை. அப்பேர்ப்பட்டவர் கையில், வேலையை விட்டு வந்த மூன்றே மாதத்தில் பதினாலு உயிர் போயிருந்தது. அவருக்கு அவமானமாக இருந்தது. ஆனால் ஆய்வாளர் குரலில் பேசித்தான் அவருக்குப் பழக்கம்.

பர்வீனுக்கு அவர் வயதில் பாதிதான். கொளத்தூரில் ஒரு மொட்டை மாடி முழுக்க சிமெண்டுத் தொட்டி கட்டி மீன் வளர்க்கிறாள். அந்தத் தெருவில் மீன் விற்கிறவர்களுக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் வாங்கிப்போன மீன் செத்தால் மட்டும் எல்லோரும் இந்த மாடிக்குத்தான் ஏறி வருவார்கள். அவளுக்கு எதிலும் சந்தேகம் கிடையாது. பேச்சும் அவ்வளவாகக் கிடையாது.

"மிச்சம் எத்தனை?"

"ஒண்ணே ஒண்ணு. கறுப்பு மோலி. என் சம்சாரம் அதுக்கு காந்தாமணின்னு பேர் வெச்சிருக்கா."

சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கியது.

"பதினாலையும் அவதான் பூந்தொட்டியில புதைச்சா. இதுவும் போச்சுன்னா மீன்தொட்டியை வெளியில எடுத்து வெச்சிடுங்க, இனிமே என் கையால புதைக்க மாட்டேன்னுட்டா."

பர்வீன் வலையால் சுவரோரம் காட்டினாள். பத்துப் பன்னிரண்டு வாளிகள் தண்ணீரோடு வரிசையாக நின்றன. ஒன்றுக்கும் மூடி இல்லை.

"நேத்துப் பிடிச்சது. ஒரு நாள் திறந்து வெச்சா குளோரின் போயிடும்."

"நேத்துத் தண்ணியா!" தணிகாசலம் ஓரடி பின்னால் போனார். "திறந்து வேற வெச்சிருக்கீங்க. கொசு முட்டை போடுமே!"

"போட்டா மீனுக்கு விருந்து."

இதே மாதிரி திறந்த வாளிகளுக்கு அவர் எத்தனை வீட்டுக்கு நோட்டீஸ் கொடுத்திருப்பார்! வாளிகளைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே படியிறங்கினார்.

வீட்டுக்கு வந்து ஒரு வாளியில் தண்ணீர் பிடித்துத் திறந்து வைத்தார். அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

*

மறு வாரம் மறுபடி படியேறினார்.

"நீங்க சொன்ன மாதிரியேதான் செஞ்சேன். காந்தாமணி மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது. என்னைப் பாத்துத் திட்டுற மாதிரியே இருக்கு."

"பில்டர்ல இருக்கிற ஸ்பாஞ்சைக் கொண்டாந்தீங்களா?"

கொண்டுவந்திருந்தார். செய்தித்தாளில் சுற்றி, அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் பை போட்டு. பிரித்து நீட்டும்போது அவர் முகத்தில் பெருமை வழிந்தது. ஸ்பாஞ்சு அன்றைக்குத்தான் கடையிலிருந்து வந்தது போல வெள்ளை வெளேரென்று இருந்தது.

"வாரா வாரம் சோப்புப் போட்டுக் கழுவி, வெந்நீர்ல முக்கி, வெயில்ல காயவெச்சுடுவேன். தொட்டி, கல்லு, எல்லாமே."

பர்வீன் அதை வாங்கவில்லை. பக்கத்துத் தொட்டியில் கையை விட்டுத் தன்னுடைய ஸ்பாஞ்சை வெளியே எடுத்தாள். ஒருமுறை பிழிந்தாள். காப்பி டிகாஷன் நிறத்தில் அழுக்கு ஒழுகியது.

தணிகாசலம் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். கீழே அந்தத் தொட்டியில் இருநூறு மீன் துள்ளிக்கொண்டிருந்ததையும் அவர் பார்க்கத்தான் செய்தார்.

"சார், மீன் எங்க வெளிக்கி போகுது?"

"தண்ணியிலதான்."

"அதை யார் அள்றது?"

"நான்தான். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை."

"மத்த ஆறு நாள்?"

தணிகாசலம் கையிலிருந்த வெள்ளை ஸ்பாஞ்சைப் பார்த்தார்.

பர்வீன் இடுப்பிலிருந்த கத்தரியை எடுத்து அந்த அழுக்கு ஸ்பாஞ்சை இரண்டாக வெட்டினாள். "அதை அள்ற கிருமிங்க இதுலதான் இருக்கு" என்று ஒரு பாதியை அவரிடம் நீட்டினாள்.

"இதை வீட்டுக்குள்ள கொண்டு போகணுமா?"

"தொட்டிக்குள்ள."

"எப்பக் கழுவணும்?"

"மாசம் ஒருதரம். மீன்தொட்டித் தண்ணியிலயே ரெண்டு பிழி. அவ்வளவுதான்."

"சோப்பு?"

அவள் அவரையே பார்த்தாள். அவர் ஸ்பாஞ்சை இரண்டு விரலால் பிடித்து, உடம்பில் படாமல் கையை நீட்டிக்கொண்டே படியிறங்கினார்.

*

மூன்றாம் நாள் காந்தாமணி மேலே வந்து வாயைத் திறப்பதை நிறுத்தியது. ஐந்தாம் நாள் தீனி தின்றது. எட்டாம் நாள் தொட்டியின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒரு மகாராணியைப் போல உலாப் போனது.

தணிகாசலத்துக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. கண்ணாடியில் லேசாகப் பச்சை படிந்திருந்தது. கல்லின் மேல் பழுப்பாக ஏதோ இருந்தது. துணியை எடுப்பார், வைப்பார். தொட்டியைச் சுற்றிச் சுற்றி வருவார். சாப்பிட உட்கார்ந்தால் பார்வை அங்கேயே போகும். பாதிச் சோற்றில் எழுந்து விடுவார்.

இதையெல்லாம் அவர் மனைவி வேதவல்லி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

பத்தாம் நாள் தாம் உயிரோடு இருப்பதாகக் கையெழுத்துப் போட்டுக் காட்டுவதற்காக பென்ஷன் ஆபீசுக்குப் போனார். அங்கே அதை நிரூபிக்கவே மத்தியானம் ஆகிவிட்டது.

திரும்பி வந்தபோது கொடியில் அவருடைய வேட்டிக்கும் துண்டுக்கும் நடுவில் அந்த ஸ்பாஞ்சு தொங்கிக்கொண்டிருந்தது. வெள்ளை வெளேரென்று.

கூடத்தில் மீன்தொட்டி பளபளத்தது. கல்லெல்லாம் தேய்த்துக் கழுவியிருந்தது. வாளியில் இருந்த நேற்றைய தண்ணீரைத்தான் ஊற்றியிருந்தாள், அந்த மட்டில் கவனம். நடுவில் காந்தாமணி ஒன்றும் தெரியாமல் நீந்திக்கொண்டிருந்தது.

"வேதா, என்ன பண்ணே?"

"பாத்தா தெரியலையா?" முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "பிளீச்சிங் பவுடர் போட்டு ரெண்டு தரம் கசக்கினேங்க. துளி அழுக்கு இல்லை. இன்னிக்காவது ஒழுங்காச் சாப்பிடுங்க."

அவருக்கு ஆத்திரம் தலைக்கேறியது. அறிவிருக்கா என்ற கேள்வி வாய் வரைக்கும் வந்துவிட்டது.

அப்போதுதான் அவள் கையைப் பார்த்தார். விரல் இடுக்கெல்லாம் பவுடர் பட்டுச் சிவந்து, தோல் உரிந்திருந்தது.

"எதுக்கு வேதா இதெல்லாம்?"

"என்ன கேள்வி இது? கல்யாணம் ஆகி வந்த மறுநாள் தவலையில ஒரு பாசி பாத்துட்டு நீங்க பட்டினி கிடக்கலையா? முப்பத்துநாலு வருஷமா அழுக்கு இருக்கிற வீட்டுல நீங்க சோறு தின்னதில்லையே."

அவர் அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார். "தேங்காயெண்ணெய் தடவிக்கோ. நான் இதோ வந்துடறேன்."

சாப்பிடாமலேயே பேருந்து நிறுத்தத்துக்கு ஓடினார்.

*

"எத்தனை நாள் தாங்கும்?" மூச்சு வாங்கக் கேட்டார்.

பர்வீன் மீனுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள். "எது?"

"ஸ்பாஞ்சைக் கழுவிட்டா. கல்லையும். பிளீச்சிங் பவுடர் போட்டு. மீன் எத்தனை நாள் தாங்கும்?"

"ரெண்டு நாள். மூணாம் நாள் மறுபடி மேல வந்து வாயைப் பொளக்கும்." தீனி டப்பாவை மூடினாள். "யார் கழுவினது?"

"நான்தான்."

"எப்போ?"

"இன்னிக்குக் காலையில."

"இன்னிக்குக் காலையில பென்ஷன் ஆபீசுக்குப் போறேன்னு நேத்து போன்ல சொன்னீங்களே?"

தணிகாசலம் சுவரோரத்து வாளிகளைப் பார்த்தார். அப்புறம் அவளைப் பார்த்தார்.

"நான்தான்ம்மா கழுவினேன். முப்பத்துநாலு வருஷமா கழுவிக்கிட்டிருக்கேன்."

பர்வீன் தீனி டப்பாவைக் கீழே வைத்தாள். பிறகு மாடியின் கோடியில் இருந்த பெரிய தொட்டிக்குப் போனாள். யாருக்கும் அதிலிருந்து அவள் எதையும் எடுத்துக் கொடுத்ததில்லை. தோள் வரைக்கும் கையை விட்டு, செங்கல் அளவுக்கு ஒரு ஸ்பாஞ்சை இழுத்தாள். கறுத்து, கொழகொழவென்று, சேற்று வாடையோடு வந்தது.

அதை வெட்டவில்லை. முழுசாக ஒரு பையில் போட்டு, அந்தத் தொட்டித் தண்ணீரையே இரண்டு கை அள்ளி ஊற்றினாள். பையின் வாயைக் கட்டவில்லை.

"வாயைத் திறந்தே வையுங்க. காத்து போகணும்."

தணிகாசலம் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டார்.

"வேற ஏதாவது சொல்லணுமா?"

"காயாம கொண்டு போங்க."

*

பேருந்தில் நல்ல கூட்டம். ஜன்னலோரம் ஒரு இடம் கிடைத்தது. பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். வெயில் படாமல் கைக்குட்டையை மேலே பிடித்துக்கொண்டார். பழுப்புத் தண்ணீர் கசிந்து அவருடைய வெள்ளை வேட்டியில் பெரிதாக ஒரு கறை படர்ந்தது. அதை அவர் கவனிக்கவே இல்லை. பள்ளத்தில் பேருந்து இறங்கும்போதெல்லாம், "பாத்துப்பா, பாத்து" என்று டிரைவருக்குக் கேட்காத குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு நிறுத்தம் வரை பொறுத்துப் பார்த்தாள். அதற்கு மேல் முடியவில்லை.

"பெரியவரே, பாத்தா படிச்சவராட்டம் இருக்கீங்க. இந்த அசிங்கத்தை மடியில வெச்சுக்கிட்டு வர்றீங்களே. ஜன்னல் வழியாத் தூக்கி எறிங்க."

தணிகாசலம் பையை மார்போடு சேர்த்துக்கொண்டார்.

"கொஞ்சம் மெதுவாப் பேசும்மா" என்றார். "உள்ள ஆளுங்க இருக்காங்க. வேலைக்குக் கூட்டிட்டுப் போறேன்."