கசந்த உப்பு

சொர்ணவல்லி தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் முப்பத்தோரு ஆண்டுகள் வேதியியல் நடத்தியவர். அதில் பதினாறு ஆண்டுகள் ‘உப்பு’ என்ற ஒரு பாடத்துக்கே போயின. வேதியியல் ஆசிரியர் ஒரு மணி நேரம், வரலாற்று ஆசிரியர் அடுத்த மணி நேரம் என்று ஒரே வகுப்புக்கு இருவரும் வந்து நடத்துகிற பாடம் அது. எந்தத் துறை மாணவரும் சேரலாம்.

அந்தப் பாடத்துக்காக அவர் வாதாடாத முதல்வர் கிடையாது. துறைத் தலைவர் பதவி இரண்டு முறை அவரைத் தாண்டிப் போனது. அந்தம்மாவுக்குத் தான் எந்தத் துறை என்பதே மறந்துவிட்டது என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொள்வார்கள். அது அவர் காதிலும் விழும். டீயைக் குடித்து முடித்துவிட்டு வகுப்புக்குப் போவார்.

ஓய்வு பெறும்போது பாடத்தைத் தன் பழைய மாணவன் தனிஸ்லாஸிடம் ஒப்படைத்தார். அப்போது அவனுக்கு நாற்பது வயது. அதே கல்லூரியில் வேதியியல் நடத்திக்கொண்டிருந்தான்.

இரண்டு ஆண்டுகள் கழித்து அவன் அவர் வீட்டுக்கு வந்தான். பாடத்தை நிறுத்திவிடலாமா என்று கல்விக்குழு கேட்டிருந்தது. விடைத்தாள்களைப் பார்த்தால் வேதியியல் ஒரு பக்கம், வரலாறு ஒரு பக்கம். இரண்டும் ஒட்டவே இல்லை. இதற்கு எதற்குத் தனிப் பாடம் என்பது அவர்கள் கேள்வி.

“நான் குறை வைக்காமத்தான் நடத்துறேன், மேடம். எங்க தப்பு?”

சொர்ணவல்லி அடுத்த வகுப்பு என்றைக்கு என்று மட்டும் கேட்டார்.

புதன்கிழமை காலை வந்து மாணவர்களோடு உட்கார்ந்துகொண்டார். தனிஸ்லாஸ் நன்றாகவே நடத்தினான். உப்பளப் பாத்தியில் உப்பு விளைந்தபின் மிஞ்சும் நீரை வடித்துவிட வேண்டும், வடிக்காவிட்டால் அதிலுள்ள மக்னீசியம் உப்போடு சேர்ந்து கசக்கும் என்று படம் வரைந்து விளக்கினான். மணி அடித்ததும் ஆய்வகத்துக்குப் போய்விட்டான்.

வரலாற்று ஆசிரியர் காஜா மைதீன் வந்தார். கரும்பலகையைத் துடைத்துவிட்டு, பழைய வணிகர் ஒருவரின் கடிதத்தை வாசித்தார். அனுப்பிய உப்பு கசக்கிறது என்று அக்கரை வியாபாரி கப்பலோடு திருப்பி அனுப்பியதைப் பற்றிய கடிதம். விலையைக் குறைக்க அந்த அக்கரை வியாபாரி சொன்ன பொய் அது என்றார் காஜா மைதீன். மாணவர்கள் எழுதிக்கொண்டார்கள்.

முன் வரிசையில் இருந்த ஜெபராணி கையைப் பாதி தூக்கினாள். பிறகு இறக்கிவிட்டாள். அவளுடைய அப்பா உப்பளத் தொழிலாளி.

வகுப்பு முடிந்ததும் சொர்ணவல்லி அவளிடம் போய், என்ன கேட்க வந்தாய் என்று விசாரித்தார். பொய்யாக இருக்காது, தண்ணீரை வடிக்காமல் அள்ளியிருப்பார்கள் என்று தோன்றியதாக அவள் சொன்னாள்.

“ஏம்மா சொல்லல?”

“அது கெமிஸ்ட்ரி பதில், மேடம். இது ஹிஸ்டரி வகுப்பு.”

மாலையில் தனிஸ்லாஸ் அவரோடு பஸ் நிறுத்தம் வரை நடந்தான். சொர்ணவல்லி நடந்ததைச் சொன்னார். அவனுக்கு வருத்தமாக இருந்தது. கொஞ்சம் கோபமும் வந்தது. இரண்டையும் சேர்த்து யோசியுங்கள் என்று ஒவ்வொரு வாரமும் அந்தப் பிள்ளைகளிடம் சொல்வதாகச் சொன்னான்.

“சொல்றே. நானும் கேட்டேன்.”

“அப்புறம் ஏன் மேடம் அவங்களுக்கு வரல?”

தானும் முதல் மூன்று வருடம் மணி அடித்ததும் ஆய்வகத்துக்கு ஓடியவள்தான் என்றார் சொர்ணவல்லி. பிறகு கேட்டார்.

“அந்தக் கடிதத்தை நீ படிச்சிருக்கியா?”

“காஜா சார் வாசிச்ச கடிதமா, மேடம்?”

“ஆமா, உப்பு கசக்குதுன்னு திருப்பி அனுப்பினதைப் பத்தின கடிதம்.”

“இல்ல மேடம். இப்ப நீங்க சொல்லித்தான் தெரியும்.”

“ரெண்டு வருஷமா காஜா மைதீன் அதை உன் வகுப்புலதான் வாசிக்கிறார்.”

பஸ் வந்தது. அவர் ஏறிக்கொண்டார். அவன் கல்லூரிக்குத் திரும்பி நடந்தான். வேதியியல் துறையைக் கடந்து, வரலாற்றுத் துறையின் படிகளில் ஏறினான்.